மாயக் கதைகளை எப்படி மதிப்பிடுவது?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். ஓர் அம்மா தன் மகளின் கையிலிருந்த தடித்த புத்தகத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "சாமி, இதைக் கொஞ்சம் பாருங்க. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இதையே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அட்டையில ஒத்தக் கண்ணு, சுத்தி நெருப்பு. உள்ள பேய், சூனியக்காரன்னு என்னென்னவோ வருதாம். நம்ம பிள்ளைங்க இதெல்லாம் படிக்கலாமா?" என்று கேட்டார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பதில் பேசாமல் நின்றாள். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை, அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில்.

புத்தகம் 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்'. எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவர் கத்தோலிக்கர், அவருடைய மூத்த மகன் ஒரு குரு என்று சொல்லி அந்த அம்மாவை அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் அந்தப் பெண் வேறொரு புத்தகம் எடுத்து வருவாள். அதை எழுதியவர் கத்தோலிக்கராக இருக்கமாட்டார். அப்போது என்ன செய்வது? பெற்றோரும், மறைக்கல்வி ஆசிரியர்களும், இளையோர் இயக்கத்தை வழிநடத்துகிறவர்களும் ஒரு மாயக் கதையைக் கையில் எடுத்துப் படித்து, "இது யாருக்கு ஏற்றது, எதில் கவனம் தேவை" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மாயக் கதை என்றதும் ஏதோ வெளிநாட்டிலிருந்து இப்போதுதான் வந்திறங்கிய சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அப்படிப்பட்ட கதைகளை அச்சடித்துத் தமிழ்நாடெங்கும் அனுப்பிய ஊரே நம் சிவகாசிதான். 1972 ஜனவரியில் இங்கிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. நிறுவியவர் சௌந்தரபாண்டியன், தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. பின்னர் 1984 ஜூலையில் விஜயன் ஆசிரியராக இருந்து லயன் காமிக்ஸைத் தொடங்கினார். நாள்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டி மேலட்டையும் அச்சான ஊரிலிருந்துதான் மாயாவியும் புறப்பட்டுப் போனார். இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் நம் பங்கு மக்கள் பலர் அவற்றைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களே. பிடுங்கி வைத்துக்கொண்ட ஆசிரியர்களும் உண்டு. பிடுங்கியவர்கள் பிறகு ஓய்வறையில் உட்கார்ந்து அதைப் படித்தார்களா என்பது எனக்குத் தெரியாது!

அந்த மாயாவியின் கதையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஓவியர் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஓர் அறிவியல் ஆய்வுக்கூடத்தின் உதவியாளன் விபத்தில் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். பின்பு மின்சாரம் தாக்கும்போதெல்லாம் அவன் உடல் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் தெரியும். இப்படி ஒரு வல்லமை கிடைத்ததும் அவன் முதலில் செய்தது என்ன? யாருக்கும் உதவி செய்யப் புறப்படவில்லை. தவறான வழியில்தான் இறங்கினான். குற்றங்களைத் துப்பறிகிறவனாக அவன் மாறியது பிறகுதான். நாம் நினைவில் வைத்திருப்பது பிந்தைய மாயாவியை மட்டுமே.

"யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றால் நான் என்ன செய்வேன்?" என்ற கேள்வி அந்தப் படக்கதைக்குள் இருந்தது. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், அணிந்தவரை மறையச் செய்யும் மோதிரம் ஒன்றைக் கண்டெடுத்த இடையன் கைகஸின் கதையை வைத்து இதே கேள்வியைத்தான் எழுப்புகிறார். மத்தேயு நற்செய்தி 6ஆம் பிரிவில் ஆண்டவர் இயேசு தருமத்தையும் செபத்தையும் நோன்பையும் பற்றிப் பேசும்போது, மறைவாய் உள்ளதைக் காணும் தந்தையைப் பற்றி மூன்று முறை சொல்கிறார். மறைந்திருக்கும் வேளையில் மனிதன் எப்படிப்பட்டவன் என்பதே அங்கேயும் கேள்வி.

எனவே ஒரு மாயக் கதையை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது, "இதில் மந்திரம் இருக்கிறதா?" என்பதல்ல. மந்திரம் இல்லாமல் மாயக் கதை ஏது? "வல்லமை கையில் கிடைத்த மனிதனை இந்தக் கதை எப்படிக் காட்டுகிறது? அந்த வல்லமை அவனை என்ன செய்கிறது? அதற்கு அவன் என்ன விலை கொடுக்கிறான்?" என்றே கேட்கிறேன்.

டோல்கீனின் நூல் முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த நூல் அது. அதிலும் அணிந்தவரை மறைக்கும் ஒரு மோதிரம் உண்டு. அது உலகையே அடக்கியாளும் மோதிரம். அதை வைத்து நன்மை செய்யலாமே என்று நல்லவர்களுக்கும் ஆசை வருகிறது. ஞானமுள்ளவர்கள் அதை வாங்க மறுக்கிறார்கள். "நல்ல நோக்கத்தோடு தொடங்கினாலும் இது என்னைக் கொடியவனாக்கிவிடும்" என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அரசர்களும் வீரர்களும் இருக்க, அதைச் சுமந்து செல்லும் பொறுப்பு ஒரு சின்னஞ்சிறு மனிதனிடம் வந்து சேர்கிறது. அவனுக்குத் துணையாகப் போகிறவன் ஒரு தோட்டக்காரன். மோதிரம் என்ன ஆயிற்று என்பதை இங்கே சொல்லமாட்டேன்; படிக்கிறவர்களின் இன்பத்தைக் கெடுக்கக் கூடாது. கதையின் உச்சக்கட்டம் நிகழும் நாளாக ஆசிரியர் வைத்திருப்பது மார்ச் 25, அதாவது ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழா என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். நூலில் திருச்சபையும் இல்லை, செபமாலையும் இல்லை. ஆயினும் இது அடிப்படையில் கத்தோலிக்க நூல் என்று டோல்கீனே 1953இல் தம் நண்பரான ஓர் இயேசு சபை குருவுக்கு எழுதினார்.

இதற்கு நேர் எதிரான மனிதர் ஒருவரைத் திருத்தூதர் பணிகள் 8ஆம் பிரிவில் காண்கிறோம். சமாரியாவில் மாயவித்தை செய்துவந்த சீமோன், திருத்தூதர்கள் கைகளை வைத்ததும் தூய ஆவி அருளப்படுவதைக் கண்டு, அந்த வல்லமையைத் தனக்கும் தரும்படி பணத்தை நீட்டினான். பேதுரு அவனைக் கடிந்துகொண்டார். வல்லமையைச் சரக்காகப் பார்த்ததே அவன் குற்றம். பாலைநிலத்தில் இயேசு, கற்களை அப்பமாக்கும் வல்லமை தம்மிடம் இருந்தும் தம் பசிக்காக அதைப் பயன்படுத்தவில்லை. ஒரு கதையின் நாயகன் இந்த இருவரில் யாருடைய பக்கம் சாய்கிறான் என்று பார்த்தாலே மதிப்பீட்டில் பாதி முடிந்துவிடும்.

"ஆனாலும் சாமி, சூனியம், மந்திரம் எல்லாம் விவிலியத்தில் விலக்கப்பட்டதுதானே?" என்று கேட்பீர்கள். ஆம், இணைச்சட்டம் 18ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் சவுல் அரசன் ஏந்தோரில் இறந்தவர்களின் ஆவியை எழுப்பும் ஒருத்தியைத் தேடிச் சென்ற கதையையும் அதே விவிலியம் (1 சாமுவேல் 28) விவரமாகச் சொல்கிறது. சொல்வது வேறு, கற்றுக்கொடுப்பது வேறு. கதையில் வரும் மந்திரக்கோல், பேசும் மரம், பறக்கும் துடைப்பம் இவையெல்லாம் அந்தக் கற்பனை உலகின் இயற்கை. அவற்றைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் துடைப்பத்தில் ஏறி மொட்டை மாடியிலிருந்து பறக்க முயல்வதில்லை. ஆவிகளை அழைக்கும் முறை, குறி பார்க்கும் முறை ஆகியவற்றை நிஜமான செய்முறையாகவே விவரித்து, "நீயும் செய்து பார்" என்று தூண்டும் புத்தகங்களும் கடைகளில் இருக்கின்றன. அவை கதைப் புத்தகம் போல அட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் கதை அல்ல. அவற்றை எடுத்து ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்லவேண்டும். பிள்ளையின் கையிலிருக்கும் நாவலைக் கண்டு பதறும் நம் வீடுகளில் நிஜ மந்திரத்துக்குக் குறைவே இல்லை. வியாபாரம் படுத்துவிட்டால் செய்வினை என்கிறோம். பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்றால் ஞாயிறு திருப்பலிக்கும் வருகிறோம், செவ்வாய்க்கிழமை குறி கேட்கவும் போகிறோம். குழந்தையின் இடுப்பில் தாயத்து, புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116, 2117 எண்களில் கண்டிப்பது இவற்றைத்தான். சோதிடம், கைரேகை, பில்லி சூனியம், தாயத்து எல்லாமே அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன. மாயக் கதையை நாவல் என்று தெரிந்து படிக்கிற பிள்ளையை விட, நாள் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற பெற்றோரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

நூல்களைப் பற்றித் திருச்சபையின் நிலை என்ன? 1559இல் முதன்முதலாகத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. 1966இல் அது சட்ட வலிமையை இழந்தது. அதன் பிறகு பகுத்தறிந்து படிக்கும் பொறுப்பு நம் ஒவ்வொருவரின் மனச்சான்றிடம் வந்துவிட்டது. பொறுப்பு வந்தபின் கருத்து வேறுபாடும் வரத்தானே செய்யும்? ஹாரி பாட்டர் நாவல்களையே எடுத்துக்கொள்வோம். 1997 முதல் 2007 வரை ஏழு நூல்கள் வந்தன, தமிழாக்கமும் வந்திருக்கிறது. 2003 பிப்ரவரியில் வத்திக்கானில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அருள்பணி பீட்டர் பிளீட்வுட், இந்த நூல்கள் குழந்தைகளுக்கு நன்மை தீமையின் வேறுபாட்டைக் காட்டுகின்றன என்றார். அதே ஆண்டில் அப்போது கர்தினாலாக இருந்த ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், ஜெர்மன் எழுத்தாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இக்கதைகளில் மறைவான கவர்ச்சி உண்டு என்று எச்சரித்தார். 2008 ஜனவரியில் வத்திக்கான் நாளிதழ் லொசர்வாத்தோரே ரொமானோ ஆதரவாக ஒரு கட்டுரையும் எதிராக ஒரு கட்டுரையும் சேர்த்தே வெளியிட்டது. 2009இல் அதே நாளிதழ் ஆறாவது கதையின் திரைப்படத்தைப் பாராட்டியது. இவை எதுவும் விசுவாசக் கோட்பாடு அல்ல. படித்தவர்கள், சிந்தித்தவர்கள் சொன்ன மதிப்பீடுகள். "போப்பே தடை செய்துவிட்டார்" என்று வாய்வழியாகப் பரவும் பேச்சை நம்பவேண்டாம்.

என் மதிப்பீட்டைக் கேட்டால், ஹாரி பாட்டரை 12 வயதுக்கு மேல் தாராளமாகப் படிக்கலாம் என்பேன். முதல் மூன்று நூல்களை அதற்கு முன்பும் படிக்கலாம். நான்காவது நூலிலிருந்து மரணமும் கொடூரமும் கூடுகின்றன. அதில் வரும் தீயவன் சாவுக்கு அஞ்சித் தன் ஆன்மாவையே துண்டு துண்டாக்கி ஒளித்து வைக்கிறான். ஹாரியைக் காப்பதோ, அவனுக்காக உயிரைக் கொடுத்த தாயின் அன்பு. கடைசி நூலில் அவனுடைய பெற்றோரின் கல்லறையில் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 15ஆம் பிரிவின் 26ஆம் வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. விவிலியத்தை எடுத்துப் பாருங்கள். குறை என்றால், விதிகளை மீறுவதும் பொய் சொல்வதும் பல இடங்களில் எளிதாக மன்னிக்கப்படுகின்றன. அதைப் பிள்ளைகளிடம் பேசலாம்.

இளையோருக்கு என்று எழுதப்படும் நாவல்களில் மந்திரத்தைவிட ஆபத்தானவை வேறு உண்டு. 2005இல் தொடங்கிய 'ட்விலைட்' வரிசையில் இரத்தம் குடிக்கும் காட்டேரிகள் வருவதால் பெற்றோர் பயந்தார்கள். காட்டேரி பற்றி எனக்குக் கவலையில்லை. ஓர் இளம்பெண் படிப்பு, பெற்றோர், எதிர்காலம் எல்லாவற்றையும் ஒரே ஒரு ஆணுக்காகக் கைவிடுவதையும், இரவில் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பவனையும் காதலின் இலக்கணமாகக் காட்டுவதுதான் கவலை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான ஜார்ஜ் மார்ட்டினின் நாவல்கள் (முதல் நூல் 1996) மிகுந்த திறமையோடு எழுதப்பட்டவை. அதிகார வெறி ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதை அவை மறைக்காமல் காட்டுகின்றன. ஆனால் பாலியல் வன்முறை அதில் வெளிப்படையாக வருவதால் அது வயது வந்தோருக்கு மட்டுமே. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் அது இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள். ஏன் என்பதையும் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

பிலிப் புல்மன் 1995 முதல் 2000 வரை எழுதிய மூன்று நாவல்களில் கொடுமை செய்யும் அமைப்பின் பெயரே 'மஜிஸ்தேரியம்', அதாவது திருச்சபையின் ஆசிரியத்தைக் குறிக்க நாம் பயன்படுத்தும் சொல். முதல் நாவல் 2007இல் 'கோல்டன் காம்பஸ்' என்று படமானபோது அமெரிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் ஓரளவு பாராட்டி விமர்சனம் எழுதியது, எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். அந்த நாவல்கள் நம்மோடு வாதம் செய்பவை. விசுவாசத்தில் வேரூன்றிய இளைஞர்கள் ஒரு பெரியவரோடு சேர்ந்து படித்து விவாதிக்கலாம். தனியாகப் படிக்கும் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒரு நூலைப் பற்றிக் கடைசிவரை படிக்காமல் எழுதக்கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அட்டைப்படத்தைப் பார்த்துத் தீர்ப்பிடுவது நேர்மையல்ல. நம் முத்து, லயன் இதழ்களின் பழைய வாசகர் கடிதங்கள் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். எங்கோ ஒரு கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் அஞ்சலட்டையில், இந்தக் கதை ஏன் சப்பென்று போயிற்று, அந்தக் கதை ஏன் மனதில் நின்றது என்று காரணத்தோடு எழுதுவார். ஆசிரியர் குறைகளையும் அச்சிட்டு, தம் 'ஹாட்லைன்' பகுதியில் வாசகரோடு பேசுவார். இன்றும் அந்த இதழ்கள் வருகின்றன. பெல்ஜியத்தில் 1977இல் தொடங்கிய 'தோர்கல்' என்ற மாயக் கதை வரிசையும் அவற்றின் வழியாகத் தமிழுக்கு வந்தது. தேவர்களும் மந்திரமும் சூழ்ந்த உலகில், மனைவி மக்களோடு அமைதியாக வாழ்ந்தால் போதும் என்று விரும்பும் ஒருவனின் கதை அது. வயது வந்தோரும் மூத்த மாணவர்களும் படிக்கலாம்.

இனி, "கற்பனைக் கதை படித்து என்ன ஆகப்போகிறது? நம் பிழைப்பு வேறு" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பகுதியில் பட்டாசு விபத்தில் யாரையும் இழக்காத தெரு உண்டா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ. காலையில் மருந்து கலக்கப் போன அப்பா மாலையில் திரும்பாத வீட்டுப் பிள்ளையிடம் நாம் என்ன பேசுகிறோம்? பெரும்பாலும் எதுவும் பேசுவதில்லை. இழப்பீட்டுத் தொகை பற்றிப் பேசுகிறோம். 2008இல் வெளியான 'ஹங்கர் கேம்ஸ்' எதிர்காலத்தில் நடக்கும் ஒரு கற்பனைக் கதை. அதன் நாயகி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அவளுக்குப் பதினொரு வயதாகும்போது சுரங்க வெடிப்பில் தந்தை இறந்துவிடுகிறார். தாய் பேச்சற்றுப் போகிறாள். தங்கையைக் காப்பாற்ற இந்தச் சிறுமியே குடும்பத்தைத் தாங்குகிறாள். அவர்கள் தோண்டும் கரி தலைநகரத்துக்குப் போகிறது. அங்கே விருந்தும் கேளிக்கையும். நம் பிள்ளைகளுக்கு இது புரியாதா? தீபாவளி இரவில் ஊரெல்லாம் வானத்தைப் பார்த்து மகிழும்போது அதைச் செய்த கைகளை நினைத்துப் பார்ப்பவள் சிவகாசிப் பெண் அல்லவா? தன் துயரத்தை நேராகப் பார்க்க முடியாத பிள்ளை, வேறோர் உலகத்துப் பெண்ணின் துயரமாக அதைப் பார்த்து அழமுடிகிறது. அந்த நாவலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும்படி கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்பதால் 14 வயதுக்குக் கீழே வேண்டாம்.

டோல்கீன் 1939இல் ஆற்றிய ஓர் உரையில் இதையே தொடுகிறார். கதைக்குள் தப்பி ஓடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் சொன்ன பதில், சிறையிலிருப்பவன் வெளியுலகை நினைப்பதையும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாக்கக் கூடாது என்பதே. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு திருமடல் எழுதினார். முதலில் குருமாணவர்களுக்காக எழுத நினைத்து, பிறகு எல்லாருக்கும் உரியதாக்கினார். இளமையில் தாம் பள்ளியில் இலக்கியம் கற்பித்தபோது, பாடத்திட்டத்திலிருந்த பழங்காப்பியத்தை மாணவர்கள் விரும்பவில்லை என்றும், அவர்களுக்குப் பிடித்த புதிய எழுத்தாளர்களை வகுப்பில் படிக்க விட்டதாகவும் அதில் நினைவுகூர்கிறார். நான்காம் நூற்றாண்டிலேயே புனித பேசில், கிறிஸ்தவ இளைஞர்கள் பிற சமயத்தாரின் இலக்கியத்தை எப்படிப் படிப்பது என்று விளக்க, எல்லாப் பூவிலும் அமராமல், அமர்ந்த பூவிலும் எல்லாவற்றையும் எடுக்காமல் தேவையானதை எடுத்துச் செல்லும் தேனீயை எடுத்துக்காட்டினார். நம்மூருக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், புனித சூசையப்பருக்குத் தேம்பாவணி பாடிய அதே கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். மக்கள் சிரித்துப் படிக்கட்டும் என்று ஒரு குரு கதை எழுதியதில் அந்நாளில் யாருக்கும் விசுவாசம் குறைந்துவிடவில்லை.

அந்த அம்மாவிடம் அன்று இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதில்லையாம்மா? தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் அவளையே தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிடிக்காத இடம் வந்தால் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மகள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி தெரியவில்லை.

மூன்று வாரம் அவர் வரவில்லை. நான்காம் ஞாயிறு திருப்பலி முடிந்து, கோவில் வாசலில் மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றிருந்தார். ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று அருகில் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி, அந்தத் தோட்டக்காரப் பையன் கடைசி வரைக்கும் கூடப் போவானா? இவ சொல்ல மாட்டேங்கிறா" என்றார்.